தேக்காவின் வாக்கும் தமிழரின் வாக்கும்

சிங்கப்பூரில் பொதுத்தேர்தல் முடிந்த மறுநாள், சிராங்கூன் சாலையை ஒட்டிய காப்பிக் கடைகளில் ஒரு வினா தவறாமல் எழுகின்றது: "தேக்கா எந்தப் பக்கம் நின்றது?" வினா எழுந்த வேகத்திலேயே விடையும் பிறந்துவிடுகின்றது. ஒருவர், "தமிழர் ஆளுங்கட்சியைக் கைவிடவில்லை" என்பார். மற்றொருவர், "நம்மவர் மனம் மாறிவிட்டது" என்பார். இருவரும் தத்தம் கூற்றுக்குச் சான்றாகக் காட்டுவது ஒரே எண்ணைத்தான். தொகுதி முடிவாக அறிவிக்கப்பட்ட அந்த ஓர் எண்ணிலிருந்து ஓர் இனத்தின் உள்ளத்தையே படித்துவிட்டதாக இருவரும் நம்புகின்றனர்.

காப்பிக் கடைப் பேச்சு அங்கேயே முடிந்துவிடுமானால் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அப்பேச்சு மேடைக்கு ஏறுகின்றது, கட்டுரைக்குள் புகுகின்றது, ஆசிரியர் அறையிலும் மாணவர் உரையாடலிலும் உண்மைபோல் உலவுகின்றது. "தேக்கா வாக்கு", "தமிழர் வாக்கு" என்னும் இரண்டு தொடர்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கப்படுகின்றன. தேக்கா என்பது ஓர் இடம். தமிழர் என்போர் ஓர் இனத்தார். வாக்கு என்பதோ தனி ஒருவரின் உரிமை. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவது வெறும் சொற்பிழை அன்று. அது கருத்துப்பிழை, அதனால் விளையும் கேடும் சிறிதன்று.

"தேக்கா இவ்வாறு வாக்களித்தது" என்று கூற வேண்டுமாயின் மூன்று செய்திகள் உண்மையாக இருத்தல் வேண்டும். தேக்கா ஒரு தேர்தல் தொகுதியாக இருத்தல் வேண்டும். அங்குத் திரள்வோர் வாக்காளராக இருத்தல் வேண்டும். அவ்வாக்காளர் தமிழராகவும், தமிழர் என்னும் முறையிலேயே வாக்களிப்பவராகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்றேனும் உண்மையா என்று ஆராய்வது நலம்.

முதல் ஊன்றுகோல்: தொகுதி

தேக்கா என்னும் பெயரில் நாடாளுமன்றத் தொகுதி எதுவும் இல்லை. லிட்டில் இந்தியா என்று சுற்றுலாப் பயணியர் அறிந்துள்ள பகுதி, எல்லைகள் மாற மாறப் பல தொகுதிகளின் கீழ் வந்துள்ளது. 2011-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அதன் பெரும்பகுதி மோல்மீன்-காலாங் குழுத்தொகுதியில் அடங்கியிருந்தது. 2015 முதல் அது ஜாலான் புசார் குழுத்தொகுதியில் அடங்குகின்றது. 2011-இல் அத்தொகுதியில் மக்கள் செயல் கட்சி 58.55 விழுக்காடு பெற்றது. 2015-இல் புதிய எல்லைகளுடன் அமைந்த தொகுதியில் ஏறத்தாழ 68 விழுக்காடும், 2020-இல் 65.36 விழுக்காடும் பெற்றது. 2025-இல் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்குகளைப் பெற்றது.

இவ்வெண்கள் யாருடையவை? ஒரு குழுத்தொகுதியில் வாக்களிப்போர் இலட்சக் கணக்கினர். சிராங்கூன் சாலையின் கடைவீடுகளில் வாழ்வோர் அவர்களுள் ஒரு சிறு பிடியே ஆவர். தேர்தல் துறை அறிவிப்பது தொகுதி முழுவதற்குமான முடிவு. பஃப்ளோ சாலையில் உள்ள அடுக்குமாடியில் வாழ்வோர் எவ்வாறு வாக்களித்தனர், அதற்கு அப்பால் வாழ்வோர் எவ்வாறு வாக்களித்தனர் என்று அம்முடிவு பிரித்துக் கூறுவதில்லை. எண்ணி முடிந்த வாக்குச் சீட்டுகள் முத்திரையிடப்பட்டு, உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதக் காலம் பாதுகாக்கப்பட்டு, பின்னர் எரிக்கப்படுகின்றன. வாக்கு மறைவானது என்பதன் பொருள் இதுவே. மறைவாக இட்ட வாக்கைக் காப்பிக் கடை மேசையில் விரித்துப் படிக்க எவராலும் இயலாது.

மற்றுமொரு செய்தி இங்குக் கருதத்தக்கது. 1988-இல் குழுத்தொகுதி முறை கொண்டுவரப்பட்டபோது, ஒவ்வொரு குழுவிலும் மலாய் இனத்தவரோ, இந்திய அல்லது பிற சிறுபான்மை இனத்தவரோ ஒருவரேனும் இடம்பெறுதல் வேண்டும் என்று சட்டம் விதித்தது. எந்தத் தொகுதியில் எந்தச் சிறுபான்மையினர் என்பதும் முன்னரே வரையறுக்கப்படுகின்றது. 2011 முதல் 2025 வரை நடந்த நான்கு பொதுத்தேர்தல்களிலும், லிட்டில் இந்தியாவின் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்ட குழுத்தொகுதியில் வென்ற அணியில் இந்தியர் ஒருவரும் இல்லை. சிறுபான்மையினராக இடம்பெற்றவர் மலாய் இனத்தவரே. தேக்காவைத் தமிழர் தொகுதி என்று எண்ணி மகிழ்வோர் இவ்வுண்மையை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? இதனைக் குறையாகக் கூற வேண்டியதில்லை. மலாய் உறுப்பினரும் சீன உறுப்பினரும் அத்தொகுதித் தமிழருக்கும் உறுப்பினரே. ஆயினும், தேக்காவைத் தமிழரின் தேர்தல் கோட்டை எனக் கருதுவோரின் கற்பனையைத் தேர்தல் வரைபடம் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை என்பது இதனால் தெளிவாகும்.

இரண்டாம் ஊன்றுகோல்: கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவைக் காண்போர் அங்குத் தமிழ் மட்டுமே ஒலிப்பதாகக் கருதுவர். அத்திரளில் பெரும்பாலோர் வேலை அனுமதிச் சீட்டில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த தொழிலாளர். கட்டடம் எழுப்புவோர், கப்பல் பட்டறையில் உழைப்போர், சாலை அமைப்போர் அவர்களே. அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. வாக்களிப்பது 21 வயது நிரம்பிய குடிமக்களுக்கு மட்டுமே உரியது.

2013 டிசம்பர் 8 அன்று இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், பேருந்தில் அகப்பட்டுத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 2015-இல் நாடாளுமன்றம் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டப்படி நாடு முழுவதும் இரவு 10.30 மணிக்குமேல் பொது இடங்களில் மது அருந்தல் ஆகாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலுமோ சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை முற்றிலும் ஆகாது.

அச்சட்டம் நன்றா தீதா என்பது வேறு வழக்கு. இங்கு நோக்கத்தக்கது யாதெனின், அவ்வட்டாரத்தின் வார இறுதியை மாற்றியமைத்த அச்சட்டத்தால் மிகுதியும் பாதிக்கப்பட்டோர், அதனை ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்கும் உரிமை உடையவர் அல்லர் என்பதே. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று பொதுத்தேர்தல் நடைபெற்றது. அதன் முடிவைக் கொண்டு "தேக்கா ஏற்றுக்கொண்டது" என்று எழுதுவது, பேச வாயில்லாதவரின் மௌனத்தைச் சம்மதம் என்று பதிவு செய்வதை ஒக்கும். தேக்காவை நிரப்புவோர் வேறு; தேக்காவுக்கு வாக்களிப்போர் வேறு. இந்த வேறுபாட்டை மறைக்கும் எந்தச் சொல்லையும் தமிழ் எழுத்தாளர் கையாளலாகாது. அது நேர்மைக்கு இழுக்கு.

மூன்றாம் ஊன்றுகோல்: இனம்

"தொகுதி வேறாயினும், கூட்டம் வேறாயினும், அங்குக் குடியிருப்போர் தமிழரே அன்றோ?" என்று சிலர் வினவலாம். 1989-ஆம் ஆண்டு மார்ச் முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறையில் உள்ளது. ஒவ்வோர் இனத்தாரும் ஒரு கட்டடத்தில் எத்தனை விழுக்காடு இருக்கலாம், ஓர் அக்கம்பக்கத்தில் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு அது வரம்பு வகுத்துள்ளது. இந்தியருக்கும் பிறருக்கும் தொடக்கத்தில் வகுத்த வரம்பு கட்டடத்துக்கு 13, அக்கம்பக்கத்துக்கு 10. 2010-இல் அவை 15, 12 என உயர்த்தப்பட்டன. எனவே, தேக்கா ஆயினும், ஈசூன் ஆயினும், தமிழர் எங்கும் சிறுபான்மையினரே. ஒரு தொகுதியைத் தம் எண்ணிக்கையால் வெல்லவோ வீழ்த்தவோ அவர்களால் இயலாது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நூறு வாக்காளர் கொண்ட தொகுதியில் பத்துப் பேர் இந்தியர் எனக் கொள்வோம். வென்றவர்க்கு 75 வாக்குகள். தோற்றவர்க்கு 25 வாக்குகள். அந்தப் பத்து இந்தியரும் வென்றவர்க்கே வாக்களித்திருந்தால், பிறருள் 65 பேர் அவரை ஆதரித்தனர் என்றாகும். பத்துப் பேரும் தோற்றவர்க்கே வாக்களித்திருந்தாலும் பிறருள் 75 பேர் ஆதரித்தமையால் முடிவு அதுவாகவே இருக்கும். இரண்டும் நேரக்கூடியவை, இரண்டுக்கும் இடைப்பட்ட எதுவும் நேரக்கூடியதே. ஆகவே 75 என்னும் எண் அந்தப் பத்துப் பேரைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உயர்நிலை இரண்டில் பயிலும் மாணவர்க்கு விளங்கும் இக்கணக்கு, மேடையில் முழங்குவோர்க்கு விளங்காமற் போவது வியப்பே.

வரலாறு கூறுவது

கணக்கை நம்பாதவர் வரலாற்றை நோக்கலாம். ஒரு காலத்தில் சிராங்கூன் சாலையை ஒட்டி ஃபேரர் பார்க் என்னும் தனித்தொகுதி இருந்தது. "தேக்கா வாக்கு" என்று ஒன்றைத் தேடுவோர்க்கு அதனினும் அணித்தான சான்று கிடைத்தல் அரிது.

1955 ஏப்ரல் 2 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில், அதற்கு முந்திய ஆண்டு தோன்றிய மக்கள் செயல் கட்சி நான்கு வேட்பாளரை நிறுத்தியது. மூவர் வென்றனர், ஒருவர் தோற்றார். தோற்றவர் தேவன் நாயர். தோற்ற இடம் ஃபேரர் பார்க். அங்கு வென்றவர் தொழிலாளர் முன்னணியின் ஏ. ஆர். லாசரஸ். தொழிற்சங்கத் தலைவர், இந்தியர், சொல்வன்மை மிக்கவர் என்னும் தகுதிகள் யாவும் இருந்தும் தேவன் நாயரை அத்தொகுதி ஏற்கவில்லை.

1959 மே 30 அன்று நடந்த பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43 இடங்களைக் கைப்பற்றியது. நாடு முழுவதும் வீசிய அப்பெருங்காற்றில் அசையாமல் நின்ற சுயேச்சை வேட்பாளர் ஒரே ஒருவர். அவர் ஏ. பி. ராஜா, அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதி ஃபேரர் பார்க். பின்னாளில் அவர் நாடாளுமன்ற அவைத்தலைவராகவும் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கினார்.

"இதோ, தமிழர் வாக்கு!" என்று இங்கே சிலர் மகிழக்கூடும். அம்மகிழ்ச்சி நீடிக்காது. 1963-இல் ஏ. பி. ராஜா மீண்டும் வெல்லவில்லை. 1972-இல் அதே ஃபேரர் பார்க் தொகுதியில் பாட்டாளிக் கட்சியின் ஜே. பி. ஜெயரத்னம் போட்டியிட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், வழக்கறிஞர், முன்னாள் மாவட்ட நீதிபதி. தேக்காவை ஒட்டிய அத்தொகுதி அவரையும் தோற்கடித்தது. வென்றவர் மக்கள் செயல் கட்சியின் டாக்டர் லீ சியாவ் மெங். தமிழர்க்குத் தமிழர் வாக்களிப்பர் என்பது விதியாயின், இத்தேர்தல் அவ்விதிக்கு அடங்குமா?

இனி, தஞ்சோங் பகார் பக்கம் துறைமுகத்தை அடுத்திருந்த ஆன்சன் தொகுதியை நோக்குக. ஃபேரர் பார்க் மறுத்த தேவன் நாயரை ஆன்சன் 1979 இடைத்தேர்தலில் ஏற்றுக்கொண்டது. 1980 பொதுத்தேர்தலில் அவருக்கு 84 விழுக்காடு அளித்தது. 1981-இல் அவர் அதிபரானமையால் அவ்விடம் காலியாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று நடந்த இடைத்தேர்தலில் மூவர் போட்டியிட்டனர். பாட்டாளிக் கட்சியின் ஜெயரத்னம் 7,012 வாக்குகள் பெற்றார். மக்கள் செயல் கட்சியின் பாங் கிம் ஹின் 6,359 வாக்குகள் பெற்றார். மூன்றாமவரான ஹர்பன்ஸ் சிங் பெற்ற வாக்குகள் 131. ஃபேரர் பார்க் மறுத்த ஜெயரத்னத்தையும் ஆன்சன் 653 வாக்குகள் வித்தியாசத்தில் ஏற்றுக்கொண்டது. குடியரசு தோன்றியபின் நாடாளுமன்றத் தேர்தலில் வென்ற முதல் எதிர்க்கட்சியாளர் அவரே.

இவ்வெற்றியையும் "தமிழர் வாக்கு" என்று கூறுவோர் உளர். ஓராண்டுக்குமுன் 84 விழுக்காட்டை ஆளுங்கட்சிக்கு அளித்த அதே மக்கள்தாம் இம்முடிவையும் அளித்தனர். ஓராண்டில் அவர்தம் இனம் மாறிவிடவில்லை. மாறியது அவர்தம் நிலைமை. பிளேர் பிளேன் பகுதியில் இருந்த துறைமுக ஆணையத்தின் குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர் வீடுகளைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மாற்று வீடு எங்கே என்னும் கவலை அவர்களை வாட்டியது. அம்மனக்குறை ஆளுங்கட்சியின் தோல்விக்குரிய காரணங்களுள் ஒன்றாக அன்றே பேசப்பட்டது. வீடு இழக்கும் கவலைக்கு இனம் ஏது? இந்தியப் பெயர் ஒன்றே வாக்கைத் தரும் என்பது உண்மையாயின், அதே தேர்தலில் ஹர்பன்ஸ் சிங் 131 வாக்குகளோடு வைப்புத்தொகையை இழந்திருக்க மாட்டார்.

ஆன்சன் 1984-இல் ஜெயரத்னத்தை மீண்டும் தேர்ந்தெடுத்தது. 1986-இல் அவர் தம் நாடாளுமன்ற இடத்தை இழந்தார். 1988 தேர்தலில் ஆன்சன் என்னும் தொகுதியே இல்லை. ஃபேரர் பார்க்கும் அவ்வாறே தேர்தல் வரைபடத்திலிருந்து மறைந்தது. இன்று அது பெருவிரைவு ரயில் நிலையத்தின் பெயராக மட்டுமே பலர் நாவில் வாழ்கின்றது.

ஒரே மனிதரை ஓர் இடம் மறுக்கின்றது. மற்றோர் இடம் ஏற்கின்றது. ஒரே இடம் ஓராண்டில் ஏற்ற கட்சியை மறு ஆண்டில் மறுக்கின்றது. இவ்வரலாறு காட்டுவது யாது? வாக்காளர் தம் வீட்டையும் வேலையையும், வேட்பாளரின் தகுதியையும், காலத்தின் போக்கையும் எண்ணி வாக்களித்தனர் என்பதையே அது காட்டுகின்றது.

மறுப்பும் விடையும்

"இனவுணர்வு வாக்கில் சிறிதும் இல்லை என்று கூற இயலுமா?" என்பது நேர்மையான வினா. அவ்வாறு எவரும் கூறிவிட முடியாது. சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இடம்பெறத் தனிச் சட்டம் வேண்டும் என்று 1988-இல் அரசு கருதியதே, இனவுணர்வு வாக்கில் கலக்கும் என்னும் அச்சத்தால்தான். ஆயினும் 2023 செப்டம்பர் முதல் நாள் நடந்த அதிபர் தேர்தலில், யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காடு பெற்று வென்றார். இந்தியர் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர்கள் ஒருவர் விடாமல் அவருக்கே வாக்களித்திருந்தாலும், மற்ற அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகள் எங்கிருந்து வந்தன? சீனரும் மலாய்க்காரரும் பிறரும் அளித்தவை அவை. தமிழர் ஒருவரை நாட்டின் முதற்குடிமகனாக்கியது தமிழர் வாக்கு என்பது பொருந்தாக் கூற்று. அது சிங்கப்பூரர் வாக்கு.

"மலேசியாவில் இந்தியர் வாக்கு என்று பேசுகின்றனரே!" என்பது மற்றொரு மறுப்பு. அங்கு இன அடிப்படையில் அமைந்த கட்சிகள் ஆட்சியில் பங்கு வகித்தன. மலேசிய இந்தியர் காங்கிரசு 1946 முதல் இயங்கி வருகின்றது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்து உரிமைப் போராட்டக் குழுவின் பேரணி நடந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 8 அன்று நடந்த தேர்தலில், நெடுங்காலம் அக்காங்கிரசின் தலைவராயிருந்த ச. சாமிவேலு சுங்கை சிப்புட் தொகுதியில் தோற்றார். ஆனால் அங்குங்கூட ஒன்றை மறத்தல் ஆகாது. அத்தொகுதியில் இந்தியர் பெரும்பான்மையினர் அல்லர். அவரைத் தோற்கடித்த டாக்டர் ஜெயகுமார் தேவராஜும் தமிழரே. சிங்கப்பூரிலோ 1963 தேர்தலில் இன அடிப்படைக் கட்சிகளின் கூட்டணி ஓர் இடமும் பெறாமல் வீழ்ந்தது. இருவேறு நாடுகளின் அரசியலை ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது.

விளையும் கேடு

இப்பொய்ந்நம்பிக்கையால் யாருக்கு என்ன கேடு? முதற்கேடு வாக்காளர்க்கு. "தமிழர் வாக்கு" என்று ஒன்று உளதாகக் கொண்டால், அதனைக் கேட்டு வருவோர் அதற்கென ஒரு விலையும் வைப்பர். அவ்விலை மலிவானது: ஒரு மாலை, ஒரு வணக்கம், உரையின் தொடக்கத்தில் இரண்டு தமிழ்ச் சொற்கள், தீபாவளி விளக்குகளைப்பற்றிய ஒரு பாராட்டு. வீட்டு விலை, மருத்துவச் செலவு, முதியோர் ஓய்வுக்கால வருவாய், பிள்ளையின் கல்வி என்னும் பெரிய செய்திகள் ஆங்கிலத்துக்கு ஒதுக்கப்படும். தமிழர் மாலைக்கு மகிழ்பவர் என்று பிறர் எண்ணுவதற்குத் தமிழரே வழி வகுத்துவிடுகின்றனர்.

இரண்டாங்கேடு மொழிக்கு. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டம் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழையும் அதிகாரத்துவ மொழியாக ஏற்றுள்ளது. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசும் உரிமையையும் அளித்துள்ளது. அரசியல் கட்சிகளின் தேர்தல் ஒலிபரப்புகள் நான்கு மொழிகளிலும் அமைகின்றன. ஆயினும் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. வீட்டில் தேயும் மொழி பொதுவாழ்விலும் தேயுமானால் எஞ்சுவது என்ன? பூக்கடையும் கோயிலும் பட்டிமன்றமும் மட்டுமே அதன் எல்லையாகிவிடும். தம் தொகுதியின் பெயரையும், தம் உறுப்பினரின் கடமையையும், ஒரு சட்டத்தின் நன்மை தீமையையும் தமிழில் எடுத்துரைக்க இயலாத மாணவர், தமிழை அலங்காரமாக அணிவாரேயன்றிக் கருவியாகக் கொள்ளார்.

முன்னோர் இந்நிலையை விரும்பவில்லை. 1948-இல் நடந்த முதல் தேர்தலில் வாக்களிக்கப் பதிவு செய்தோர் 22 ஆயிரத்துச் சொச்சம் பேரே. பிரிட்டிஷ் குடிமக்களுக்கே அவ்வுரிமை இருந்தது. 1957-இல் வந்த குடியுரிமைச் சட்டமே, கடல் கடந்து வந்து உழைத்த பல்லாயிரவர்க்கு வாக்குரிமையின் வாயிலைத் திறந்தது. 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, குடியுரிமை பெறுக என்று அந்நாளில் தமிழரை வற்புறுத்தினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற நிதி திரட்டியவரும் அவரே. அவருக்குத் தமிழ் வேறு, குடியுரிமை வேறு அன்று. உரிமையை அறிவிக்கும் மொழியாகவே அவர் தமிழை நடத்தினார். கப்பல் துறையில் மூட்டை சுமந்தவரும் நகராட்சியில் துப்புரவு செய்தவரும் குடிமகன் என்பது யாது என்று அறிந்தது தமிழ்ச் செய்தித்தாள் வழியாகவே.

ஆசிரியர் கடமை

"வகுப்பறையில் அரசியல் ஆகாது" என்பர் சிலர். கட்சி அரசியல் ஆகாது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. எக்கட்சிக்கு வாக்களிப்பது என்று மாணவரிடம் கூறும் ஆசிரியர் தம் பணிக்கு மாசு சேர்ப்பவரே. ஆனால் தேர்தல் என்பது யாது, முடிவை எவ்வாறு படிப்பது, ஓர் எண்ணிலிருந்து எதனைக் கூறலாம், எதனைக் கூறலாகாது என்பவை கட்சி அரசியல் அல்ல. அவை சிந்தனைப் பயிற்சி.

ஆன்சன் இடைத்தேர்தலின் மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதலாம்: 7,012, 6,359, 131. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு பெறாதவர் வைப்புத்தொகையை இழப்பர் என்னும் விதியைக் கூறலாம். யார் இழந்தார், ஏன் இழந்தார், வித்தியாசம் எவ்வளவு, இவற்றிலிருந்து ஆன்சன் வாழ் தமிழரைப்பற்றி ஏதேனும் கூற முடியுமா என்று கேட்கலாம். "முடியாது" என்று தெளிந்து, அதற்கான காரணத்தைத் தமிழில் பத்து வரிகளில் எழுதும் மாணவர் நல்ல தமிழ் எழுதினார் என்பதோடு, நல்ல குடிமகனாகவும் எண்ணினார். வேட்பாளர், வேட்புமனு, வாக்காளர் பட்டியல், தனித்தொகுதி, குழுத்தொகுதி, இடைத்தேர்தல், பெரும்பான்மை என்னும் சொற்கள் யாவும் தமிழில் ஆயத்தமாக உள்ளன. குறைவாக உள்ளவை அவற்றைக் கையாளும் வாய்களே.

2025-இல் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றோர் ஏறத்தாழ 27.6 இலட்சம் பேர். அவர்களுள் வாக்களித்த ஒவ்வொரு தமிழரும் தனித்தனியே திரைக்குப் பின் நின்று தம் வாக்கைக் குறித்தார். கடைக்காரர், செவிலியர், பேருந்து ஓட்டுநர், பொறியாளர், ஆசிரியர் என அவர்தம் நிலை வேறு, கவலை வேறு, தேர்வும் வேறாக இருந்திருக்கலாம். அவர்கள் அனைவரையும் ஒரு மூட்டையாகக் கட்டித் "தமிழர் வாக்கு" என்று பெயர் ஒட்டுவது, அவர்கள் தனித்து நின்று எண்ணியதை மறுப்பதாகும். அவர்களைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிச் சிறுமைப்படுத்தும் செயல் அது.

அடுத்த தேர்தலின் மறுநாளும் காப்பிக் கடையில் அதே வினா எழும். அங்கு அமர்ந்திருப்போருள் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இருப்பாராயின், அவர் மறுவினா ஒன்றை எழுப்பட்டும்: "தேக்கா எந்தத் தொகுதியில் உள்ளது, ஐயா? அத்தொகுதியில் தமிழர் எத்தனை பேர்?" அவ்வினாவைத் தெளிந்த தமிழில், பெரியவர்க்குரிய மரியாதையோடு கேட்கும் துணிவை அவருக்கு ஊட்டுவது தமிழாசிரியர் கடமை.